தம்பி பெண்டாட்டியின் கண்கள்

யாம்போல் ஊரிலேயே அழகான கண்கள் தன் தம்பி பெண்டாட்டிக்கு வாய்த்ததை, நான்கு வருடமாகியும் கிரெமெனாவால் மன்னிக்க முடியவில்லை.

வெசேலாவுக்கு அகலமான இமைகள். கண்ணை எவ்வளவு விரித்தாலும் மேலிமை முழுசாகத் தெரியும். அதில் என்ன வர்ணம் வைத்தாலும் எடுப்பாக நிற்கும். கிரெமெனாவுக்கு வாய்த்தது அப்பா வழி இமை. புருவத்தின் கீழுள்ள தோல் மடிந்து இமைமேல் சரிந்து கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் பூசுவாள். திறந்தால் அத்தனையும் மடிப்புக்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மிஞ்சுவது புருவத்தடியில் ஒட்டிய கரித்தீற்றல் ஒன்றுதான்.

இத்தனைக்கும் கண் அலங்காரத்தில் கைதேர்ந்தவள் கிரெமெனாதான். பதினாறு வயதில் அம்மாவின் நீல ஐ ஷேடோவைத் திருடிப் பூசிப் பார்த்ததில் தொடங்கியது. இப்போது முப்பத்தைந்து. பகலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடையில் வேலை. சீஸ் வைத்த பனிட்சாவைச் சுடச்சுடக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக் கொடுத்து விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. கட்டியவன் லாரி ஓட்டிக்கொண்டு ஜெர்மனி போனவன், அங்கிருந்தே போனில் உறவை முறித்துக்கொண்டான். அப்பா அம்மா ஸ்பெயினில் பழத்தோட்ட வேலையில் இருந்தார்கள். மத்தியானம் கடை முடிந்து நான்காம் மாடி வீட்டுக்கு வந்தால் அவளுக்கென்று இருந்தது சமையலறை ஜன்னலும் அதன்வழி விழும் வெயிலும்தான். ஜன்னலோரம் கண்ணாடியை நிறுத்தி, காபித்தட்டில் பிரஷ்களைப் பரப்பி உட்கார்ந்துவிடுவாள்.

கண்ணின் வெளி மூலையில் செல்லோ டேப்பைச் சாய்வாக ஒட்டுவாள். முதலில் வெளிறிய பூச்சு, அதன்மேல் பழுப்பு, மூலையில் கறுப்பு. கறுப்பும் பழுப்பும் சந்திக்கிற இடத்தை வெறும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஆக்கிவிடுவாள். நடு இமையில் பொன்வண்டின் முதுகு போல ஒரு பச்சை. கடைசியில் ஐலைனரை இழுத்து டேப்பை உரித்தால், கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு நிற்கும். அவள் கண்ணில்தான் அது நிற்காது.

தம்பி ப்ளாமென் கல்யாணத்துக்கு வெசேலாவின் கண்ணை அலங்கரித்தது கிரெமெனாதான். செம்பு நிறமும் திராட்சை ரசச் சிவப்பும் சேர்த்து, அன்று விடிந்ததிலிருந்து உட்கார்ந்து செய்தாள். மண்டபத்தில் கைகோத்து ஹோரோ ஆடிய கூட்டம் முழுக்க மணப்பெண்ணின் கண்ணையே பேசியது. "கண்ணா அது? ஆளையே விழுங்கிடும் போலிருக்கே," என்றாள் வெசேலாவின் சித்தி. செய்த கை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கிரெமெனா ஊறுகாய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த செம்புப் பொடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சில் முள் தைத்தது அன்றைக்குத்தான்.

புதுத் தம்பதி அதே கட்டடத்தில் ஆறாம் மாடிக்குக் குடிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெசேலா கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு இறங்கி வருவாள்.

"அக்கா, இன்னிக்கு என்ன கலர்? உங்களுக்கு என்ன தோணுதோ அதைப் பண்ணுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீயா? உன் வாய்க்கும் சேர்த்து டேப் ஒட்டினாத்தான் உண்டு."

அவள் குணம் கெட்டவளாக இருந்திருந்தால் கிரெமெனாவுக்கு வசதியாக இருந்திருக்கும். அப்படி இல்லை. சிரித்த முகம், கள்ளமில்லாத மனசு. அலங்காரம் முடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிப் போனில் படம் எடுத்து இணையத்தில் போடுவாள். முதலில் தோழிகள் பார்த்தார்கள். பிறகு ஊரே பார்த்தது. 'எங்கே பண்ணினே?' என்று கேட்டவர்களுக்கெல்லாம், 'வீட்டுலயேதான்' என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். அந்த ஒரு வரியை கிரெமெனா ரொட்டிக்கடையில் அடுப்புக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை படித்தாளோ, கணக்கில்லை. வீட்டிலேயே. யார் வீட்டில்? யார் கையால்?

கேட்டிருக்கலாம். கேட்டால் பொறாமைக்காரி என்று ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். மூடி வைத்தது உள்ளேயே புளித்தது.

அந்த டிசம்பரில் ஒருநாள், வழக்கம்போலக் கண்ணை மூடிப் பூசித் திறந்து, பூசியது காணாமல் போனதும், கோபத்தில் பிரஷ்ஷை எடுத்துக் கண்ணைத் திறந்து வைத்தபடியே மடிப்புக்கு மேலே கறுப்பை அப்பினாள். கண்ணாடியை நேராகப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. கறுப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மடிப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, அதற்கு ஒரு நெல் உயரம் மேலே ஒரு பொய் மடிப்பை வரைந்தால் போதும். ஐலைனரையும் திறந்த கண்ணில், நேராகப் பார்த்துக்கொண்டே, மடிப்பைத் தாண்டி இழுத்தால் கோடு உடையாது. இத்தனை வருடமாக அகல இமைக்காரிகள் சொல்லித்தந்த வழியைத் தன் கண்ணில் திணித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. குளிர்காலம் முழுக்க அதையே பழகினாள். வெசேலாவிடம் மூச்சுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் முகத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். இது ஒன்றாவது தனக்கே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

மே மாதம் வந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் நடன விருந்து மாதம். வெசேலாவின் படங்களைப் பார்த்திருந்த பெண்கள் அவளைத் தேடி ஆறாம் மாடிக்கு ஏறினார்கள். வெசேலா அதைச் சொல்ல ஓடி வந்தாள்.

"அக்கா, ரெண்டு பொண்ணுங்க என்னைப் பண்ணச் சொல்லிக் கேட்டுட்டாங்க. உங்க கையைப் பாத்துப் பாத்தே எனக்குப் பழகிடுச்சு. பண்ணட்டுமா?"

"என்னை எதுக்குக் கேக்குறே? உன்னைத் தேடித்தானே வந்திருக்காங்க."

"இல்ல, உங்களுக்கு ஏதாவது..."

"எனக்கு என்ன? தாராளமா பண்ணு."

அந்த இரண்டு பெண்களும் கிளம்பிய சாயங்காலம் கிரெமெனா பால்கனியில் துணி எடுப்பதுபோல் நின்றாள். கீழே காரின் ஹார்ன் சத்தம், படித்து முடித்த வகுப்புகளை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிக் கத்துகிற பிள்ளைகள், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மாக்கள். பெண்களில் ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். வெளி மூலையில் கறுப்பு கலக்காமல் திட்டாக நின்றதை நான்கு மாடி உயரத்திலிருந்தே கிரெமெனா கண்டுபிடித்துவிட்டாள். மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிடமே அந்தப் பெண், வழியனுப்பக் கீழே வந்திருந்த வெசேலாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். குளிர்ந்த மனசு கொதித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கிரெமெனாவுக்கு விடுமுறை. காலையில் வெசேலா இறங்கி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, மருந்துக்கடை டோட்காவோட பொண்ணு இஸ்க்ரா இருக்கால்ல, அவளுக்கு இன்னிக்கு விருந்து. நேத்து ஒரு தடவை பூசிப் பாத்தேன். அவ இமை மடிஞ்சி மடிஞ்சி விழுது. போட்டதெல்லாம் எங்கயோ போயிடுது. என்ன பண்றது?"

கிரெமெனா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. வெசேலா எதிரே உட்கார்ந்து, தூக்கம் கலையாத, பூச்சு எதுவுமில்லாத அந்தக் கண்களால் அவளை அண்ணாந்து பார்த்தாள். வெறும் கண்ணே அத்தனை அழகு.

"கண்ணை மூடச் சொல்லி இமை முழுக்க ஜிகினாவை அப்பு," என்றாள் கிரெமெனா. "கோட்டைத் தடிமனா இழு. எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது."

"தடிமனாவா? நிஜமாவா?"

"நான் சொல்றேன்ல."

வெசேலா அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு மாடியேறினாள். அந்த முத்தம் சுட்டது. கிரெமெனா காபியைக் குடிக்காமல் தொட்டியில் கொட்டினாள். கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கதவுவரை போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்து மிளகாய் வதக்கினாள்.

மாலை நான்கு மணிக்கு ப்ளாமென் கதவைத் தட்டினான்.

"அக்கா, மேல ஒரே அழுகை. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா கரி மூட்டையில விழுந்து எழுந்த மாதிரி இருக்கு. அவங்க அம்மா வேற கத்துறாங்க. கொஞ்சம் வாயேன்."

இரக்கப்பட்டுப் போனாளா, தன் கையைக் காட்டிவிடலாம் என்று போனாளா என்று கிரெமெனா பின்னால் பலமுறை யோசித்திருக்கிறாள். இரண்டும்தான்.

இஸ்க்ரா வெள்ளி நிற உடுப்பில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடிமனான கோடு மடிப்பில் பட்டு மேலேயும் அச்சாகியிருந்தது. ஜிகினா கண்ணுக்குள் போய், கண் சிவந்து கிடந்தது. டோட்கா கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, "ஆறு மணிக்கு அங்க நிக்கணும். என் பொண்ண இப்படிக் கோமாளி மாதிரி ஆக்கிட்டீங்களே," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிரெமெனா எண்ணெய் தொட்ட பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்தாள். சிவந்த கண்ணில் குளிர்ந்த ஸ்பூனை வைத்து ஐந்து நிமிடம் ஒத்தி எடுத்தாள். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"கண்ணை மூடாதே, தங்கம். நேரா என் மூக்கைப் பாரு."

"திறந்து வெச்சா எப்படி அக்கா?"

"பாரு, எப்படின்னு தெரியும்."

மடிப்புக்கு மேலே சாம்பல் நிறத்தில் பொய் மடிப்பை வரைந்தாள். மூலையில் கறுப்பு, அதை மேல்நோக்கித் தேய்த்தாள். உடுப்பின் வெள்ளிக்கு ஈடாக, உள் மூலையில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம். கோட்டைத் திறந்த கண்ணிலேயே, இமைமுடியின் முனையிலிருந்து மடிப்பைத் தாண்டி ஒரே இழுப்பாக இழுத்தாள். நாற்பது நிமிடம் ஆனது. கண்ணாடியைப் பார்த்த இஸ்க்ரா மறுபடி அழப்போனாள். "அழுதே, கொன்னுடுவேன்," என்றாள் கிரெமெனா. டோட்கா கைப்பையைக் கீழே வைத்தாள்.

வெசேலா இத்தனை நேரமும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கவலையோடு, பிறகு வியப்போடு. பாதியில் அவள் முகம் மாறியதைக் கிரெமெனா கண்ணாடியில் பார்த்தாள். இது இன்றைக்கு யோசித்துச் செய்கிற கை இல்லை, பல மாதம் பழகிய கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாருடைய இமையில் பழகியிருக்கும் என்பதும்.

தாயும் மகளும் போன பிறகு வெசேலா கதவைச் சாத்தினாள்.

"காலையிலயே உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"தெரிஞ்சே தப்பா சொன்னீங்களா?"

"ஆமா."

"ஏன் அக்கா?"

கிரெமெனா பிரஷ்களைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "உன் கண்ணால," என்றாள். "எல்லாத்தையும் நான் பண்றேன். எல்லாம் உன் கண்ணுல போய் நிக்குது. ஊரு உன்னைக் கொண்டாடுது. எனக்கு வயிறு எரியுது. நாலு வருஷமா எரியுது."

வெசேலா உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மாடிப்படியில் பார்த்தால் தலையைக் குனிந்து போனாள். ப்ளாமென் மட்டும் ஒருநாள் ரொட்டிக்கடைக்கு வந்து நின்றான். "எனக்கு ரெண்டு பேரும் வேணும். நடுவுல போட்டு என்னை நசுக்காதீங்க," என்று சொல்லி, பனிட்சா வாங்கிக்கொண்டு போனான்.

இதற்கிடையில் இஸ்க்ராவின் வாய் சும்மா இருக்கவில்லை. மடிந்த இமைக்காரிகள் ஊரில் எத்தனை பேர் என்று கிரெமெனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐம்பது வயது டீச்சர் ஒருத்தி வந்தாள். "எனக்குக் கண் இமையே கிடையாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள். நாற்காலி காலியாக இருக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு மத்தியானம் வந்தால் கிரெமெனாவின் காது மாடிப்படியிலேயே இருந்தது.

ஜூலையில் வெசேலாவே இறங்கி வந்தாள். கையில் சொந்த பிரஷ்களும் ஒரு போனும்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு வரல. இன்னும் கோவம் இருக்கு. இந்தாங்க, இதைப் பாருங்க."

பழைய படங்கள் எல்லாவற்றின் கீழும் கிரெமெனாவின் பெயரை எழுதியிருந்தாள். நான்கு வருடப் படங்கள், ஒன்றுவிடாமல்.

"இது நான் முதல்லயே செஞ்சிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல. நீங்களும் சொல்லல." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப உக்காருங்க. உங்க கண்ணுல நான் பண்ணிப் பாக்கணும்."

கிரெமெனா உட்கார்ந்தாள். வெசேலாவின் கைக்குப் பொறுமை போதாது. இடது கோடு ஏறிவிட்டது, வலது கோடு தாழ்ந்துவிட்டது. கிரெமெனா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் இருந்த அந்தப் பெரிய கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எரிச்சல் அப்படியே இருந்தது. ஒரு துளி குறையவில்லை.

"இன்னும் எரியுதா?" என்று கேட்டாள் வெசேலா.

"எரியுது."

"சரி, ஆடாதீங்க."

அடுத்த மே மாதம் இருவரும் அந்தச் சமையலறையிலேயே சேர்ந்து உட்கார்ந்தார்கள். அகல இமைக்காரிகள் வெசேலாவிடம், மடிந்த இமைக்காரிகள் கிரெமெனாவிடம். வெசேலாவின் பக்கம் எப்போதும் ஒரு பெண் கூடுதலாக இருந்தாள். கிரெமெனா அதை எண்ணாமல் இருந்ததே இல்லை.