வெள்ளைச் சீலைக்குப் பின்னால் கேட்காத வரி

முருகேசர் இறந்த செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் குசினி வாசலில் நின்றபடி, "படக்கார முருகேசு போயிட்டானாம். நெஞ்சு நோவாம்" என்றார். அம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். அவர் காட்டிவந்த படம் இரண்டு வருடமாக ஏன் ஓடவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

முரசுமோட்டையில் உழவு இயந்திரம் ஓட்டிய முருகேசரை உங்களில் அறியாதவர் இல்லை. தான் முன்பு வேலைசெய்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கையால் சுற்றும் பட இயந்திரமும் ஒரேயொரு படமும் அவரிடம் இருந்தன. அது பேசாத படம். அமெரிக்காவில் பெரிய மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவரின் மகளும், அங்கே குதிரையேறிக் கூலிக்கு மாடு மேய்க்கும் ஒருவனும் விரும்புகிற கதை. இடையிடையே ஆங்கில எழுத்துகள் வரும். "வாயில்லாத படத்துக்கு நான்தான் வாய்" என்பார் முருகேசர். பட்டிக்காரரை ஊருக்குத் தலைவரான விதானையார் ஆக்கினார், மகளுக்குச் செல்லம்மா என்றும் மேய்ப்பனுக்கு வேலன் என்றும் பெயர் வைத்தார்.

ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் எங்கள் வாசிகசாலை முற்றத்தில், இருட்டத் தொடங்கும் மைம்மல் பொழுதில், இரண்டு கம்புகளுக்கு நடுவே ஈரமான வெள்ளைச் சீலையைக் கட்டுவார்கள். முன்பக்கம் கதிரைகளில் காணிக்காரக் குடும்பங்கள் இருக்கும். சீலைக்குப் பின்பக்கம் மண்ணில், கூலிக்கு நெல் வெட்ட வந்தவர்கள் இருப்பார்கள். அப்படி இருக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. மாறி இருந்தவர்களும் இல்லை. பின்னால் இருப்பவர்களுக்குப் படம் இடம்வலம் மாறித் தெரியும். மனைவி பொன்னம்மாக்கா இயந்திரத்தைச் சுற்ற, இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி முருகேசர் கம்படியில் நின்று கதை சொல்லுவார்.

"முருகேசண்ணை, உந்தக் குதிரைக்காரன் எங்கட எருமைப் பட்டியில ஒருநாள் நிப்பானோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"நிப்பான். செல்லம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாத்தான்!"

அப்போது மட்டும் சீலையின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரிக்கும்.

முடிவில், வேலன் பக்கத்து ஊர்ப் பெரிய காணிக்காரரின் காணாமற்போன மகன் என்பார் முருகேசர். விதானையார் மகளைக் கொடுப்பார். கதிரைகளில் இருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கி ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய வருடம், லீவுக்கு வந்த நான் முன்வரிசையில் இருந்தேன். அந்தக் கடைசி எழுத்துகளை முதன்முதலாக வாசித்து விளங்கிக்கொண்டேன். எனக்கிருந்த பெருமையில் எழும்பி, "மாமா, அப்பிடி எழுதியில்லை!" என்று கத்திவிட்டு, முழுவதையும் ஆங்கிலத்தில் உரக்க வாசித்தேன். ஆங்கிலம் தெரிந்தும் அதுவரை அந்த எழுத்துகளைக் கவனியாதிருந்த வாசிகசாலைச் சங்கத் தலைவர் எழும்பிவிட்டார். சீலைக்குப் பின்னால் ஒருவர், "பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"கூலிக்காரன் விதானையாற்ற மகளைக் கட்டுறதோ? எங்கட பெட்டையளுக்கு உந்தக் கதையையோ காட்டுறாய்?" என்று தலைவர் சத்தம் போட்டார். வாசிகசாலைச் செயலாளரான என் அப்பா சமாதானமாக, "பழையபடியே சொல்லு முருகேசு. படத்தை ஓட்டலாம்" என்றார்.

"பிள்ளை வாசிச்சுப்போட்டுது. இவ்வளவு நாளும் கதையெண்டு சொன்னனான். இனிச் சொன்னா அது பொய்" என்று முருகேசர் சீலையை அவிழ்த்தார். பிறகு அந்தப் படம் ஓடவேயில்லை.

அடுத்த லீவில் மன்னிப்புக் கேட்கப் போனேன். உழவு இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தவர் வெளியே வந்தார். "நீ வாசிச்சது சரி பிள்ளை. ஆருக்கு வாசிச்சனி?"

"எல்லாருக்கும்."

"பின்னுக்கு இருந்தவைக்கு இங்கிலீசு தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் அந்த வரி பாடம். துரை சொல்லித் தந்தவர். நானும் அவைக்குச் சொல்லேல்லைத்தானே" என்றார். பிறகு, கையில் இருந்த கிறீசைத் துடைத்தபடி அந்த வரியைத் தமிழில் மெதுவாகச் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

செத்த வீட்டிலும் முன்னால் கதிரைகள் போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர் என்னைக் கண்டு, "நீதானே அண்டைக்குக் கத்தின பிள்ளை? என்ன பிள்ளை எழுதியிருந்தது?" என்று கேட்டார். அன்று சீலைக்குப் பின்னால் கேட்ட அதே குரல். அப்பா பக்கத்தில் நின்றார். "மறந்துபோச்சு" என்றேன்.

மறக்கவில்லை. எங்கள் வாசிகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். முதலில் பார்க்கப்போகிறவர் அப்பாதான். அப்பா, இந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். முருகேசரிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். முருகேசரின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் யாராவது இதை வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாசியுங்கள். வேலன் விதானையாருக்குச் சொன்னது, முருகேசரின் வாயால்:

"நான் காணிக்காரன்ர மகன் இல்லை. உங்களிட்டக் கூலிக்கு நிக்கிறவன்தான். அது போதுமோ எண்டு என்னட்டக் கேளாதையுங்கோ. உங்கட மகளிட்டக் கேளுங்கோ."