எல்லாம் கேட்ட தெல்மா

மில்ஷா நகர மன்றத்தில் தெல்மா பிக்கர்ஸ்டாஃப் வாயைத் திறந்தால் பெரிய பெரிய ஆட்களே நாற்காலியில் நெளிவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். எந்தப் பிள்ளை காரட்டை மேசைக்கு அடியில் தள்ளுகிறது என்று திரும்பாமலே சொல்லிவிடுவாள். அதே கண்ணோடுதான் கண்காணிப்புக் குழுவின் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்தாள். ஆளுங்கட்சியின் ஏழெட்டுப் பேர் முடிவெடுப்பார்கள், அது சரிதானா என்று குடைவது இந்தக் குழு. நன்றாகக் குடைந்துவிட்டு, 'அறிக்கையைக் கவனத்தில் கொள்கிறோம்' என்று முடித்து, டீ குடித்துக் கலைவார்கள். வருஷக்கணக்காக இதுதான் பழக்கம். பாழாய்ப்போன பழக்கம்.

வயசானவர்களின் பகல்நேர இல்லத்தை மூடுவதாக முடிவு வந்தது. பக்கத்து வீட்டு ஆட்ரி வேலியோரம் வந்து நின்றாள். அவள் கணவன் வில்ஃபுக்கு இப்போது அவளையே சரியாக அடையாளம் தெரிவதில்லை.

"அவர் அங்க இருக்குற நேரத்துலதான் நான் கண்ணை மூடுறேன், தெல். அதையும் மூடிட்டா நான் எங்கடி போவேன்?"

"நான் ஒருத்தி இருக்கேன்ல? போயி டீயைப் போடு."

சொன்னதைச் செய்தாள். அவளும் ஆளுங்கட்சிதான்; சொந்தக் கட்சிக்காரர்கள் முறைக்க முறைக்க, மற்ற உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கி அந்த முடிவை நிறுத்திவைத்துக் குழுவுக்கு இழுத்துவந்தாள். ஒரு முடிவை அப்படி ஒரே ஒரு தடவைதான் இழுக்க முடியும். 'மறுபடி யோசியுங்கள்' என்று குழு திருப்பி அனுப்பினால்தான் உண்டு, இல்லையென்றால் அன்றைக்கே அமலுக்கு வந்துவிடும்.

கூட்டத்தன்று ஆட்ரி முன்வரிசையில் இருந்தாள். முடிவெடுத்த நைஜல் ஃபாசெட் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நாங்க சேவையை மறுசீரமைக்கிறோம்..."

"மூடுறதுக்கு இப்ப அதுதான் பேரா, நைஜல்? சரி, வில்ஃபை எங்க உக்கார வைக்கிறது? உன் வீட்டு சோபாவுலயா?"

கூடம் சிரித்தது. இல்லத்துக்குப் போய்ப் பார்த்தாயா, குடும்பங்களைக் கேட்டாயா என்று விடாமல் பிடித்தாள். நைஜல் தண்ணீர் மேல் தண்ணீராகக் குடித்தான். கைதட்டல் அடங்கவே இல்லை. மன்ற எழுத்தர் இம்ரான் அவள் காதருகே குனிந்தான்.

"தலைவரம்மா, பரிந்துரை ஏதாவது..."

"இருப்பா, அவசரப்படுத்தாதே."

கைதட்டல் தலைக்கு ஏறியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டாள். எழுந்து, "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. அறிக்கையைக் கவனத்தில் கொள்கிறோம்" என்றாள். உறுப்பினர்கள் பழக்கதோஷத்தில் கை தூக்கினார்கள். கூட்டம் கலைந்தது.

வராந்தாவில் இம்ரான் மெதுவாகச் சொன்னான். "திருப்பி அனுப்பச் சொல்லலையேம்மா. முடிவு அமலுக்கு வந்துடுச்சு."

"இப்பவே கூட்டத்தைத் திரும்பக் கூட்டுப்பா."

"முடியாதும்மா. ஒரு தடவைதான்."

ஊரையே கேள்வி கேட்டவளுக்கு அந்த ஒரு வரி வாயில் வராமல் போயிற்றே! அவளுக்குத் தெரியாத விதியா அது?

இல்லத்துக்குப் பூட்டு விழுந்தது. வில்ஃப் இன்னமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு இல்லத்து வேனுக்காக ஜன்னலருகே நிற்கிறார். ஆட்ரி கண்ணெல்லாம் குழிவிழுந்து, ஒருநாள் இஞ்சிக் கேக் கொண்டுவந்தாள்.

"உனக்குத்தாண்டி. எங்களுக்காக அந்த நைஜலை என்ன வாங்கு வாங்குன! அவ்வளவு கேட்டும் அவனுங்க ஒருத்தனும் காதுல போட்டுக்கலையே, தெல்?"

தெல்மா கேக்கைத் தட்டோடு வாங்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜன்னலில் வில்ஃப் தெரிந்தார்.

"போட்டுக்கல, ஆட்ரி" என்றாள்.