இன்ஜினைக் காட்டிய விரல்

என் மகளுக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை. நாங்கள் குடியிருந்த சேக்காட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கோயில் மணியில் தண்ணீர் ஊற்றிப் பிடித்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தோம். மணி சுத்தமானது.

டாக்டரம்மா ஆட்டிசம் என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இரண்டு பீரோ நிறையப் புத்தகம் வைத்திருந்த எனக்கே அந்தச் சொல் புதிது. "பேச்சு அப்புறம் வரட்டும். எதையாவது விரல் நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீங்களான்னு உங்க முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளான்னு கவனிங்க. அதுதான் முதல்ல வரணும்" என்றார்.

அன்றிலிருந்து, மாலையில் நான் மகளை வெளியே தூக்கிப் போய்த் திரும்பியதும் மனைவி வாசலிலேயே கேட்பாள்: "ஏங்க, பாப்பா இன்னிக்கு எதுனா காட்டுச்சா?"

நாங்கள் போவது ரயில்வே கேட் அருகே இருந்த டீக்கடைக்கு. அங்கே எனக்கு நகைச்சுவையாளன் என்று பெயர். என் கைவசம் இருந்த நல்ல சரக்கு, இடுப்பில் இருந்த மகள்தான். "ரயிலைப் பாருன்னு விரலை நீட்டினா, இவ ரயிலை விட்டுட்டு என் நகத்தைப் பார்க்கிறா. பின்னால சுகாதார ஆய்வாளரா வருவா!" கடை சிரிக்கும். படித்தவர்கள் இருந்தால் கொஞ்சம் தத்துவமும் கலப்பேன்.

ஒருநாள் கடைக்குப் புது ஆள் ஒருவர் வந்திருந்தார். அவருக்காக மறுபடி ஆரம்பித்தேன். பாதியில் டீ மாஸ்டர் குறுக்கிட்டார்.

"சார், பாப்பா இன்னாமோ காட்டுது பாரு சார்! உன் மூஞ்சியவே பாத்துகினு கீது!"

ஓரக்கண்ணில் அந்தச் சின்ன விரல் தெரிந்தது. "இருப்பா, முடிச்சிடறேன்" என்றேன். சுகாதார ஆய்வாளர் வரைக்கும் முடித்தேன். புது ஆள் சிரித்தார். நான் திரும்பியபோது விரல் மடங்கியிருந்தது. மகள் என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா காட்டுச்சு?"

"பொட்டி இல்லாம தனியா ஒரு இன்ஜின் போச்சு சார்." மாஸ்டர் கிளாஸைக் கழுவப் போய்விட்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு எதுனா காட்டுச்சா?" என்றாள் மனைவி.

"இல்லை" என்றேன்.

மகள் அடுத்து ஒன்றைக் காட்ட எட்டு மாதமானது. சுவரிலிருந்த பல்லியைக் காட்டி, தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "மொத தடவங்க!" என்று மனைவி அழுதுகொண்டே ஓடி வந்தாள். நானும் வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டேன். நடிப்பில் ஒரு குறையும் இல்லை; கடையில் பழகியதுதானே.