காப்பிக் களத்தில் வண்டிச் செருப்பு

காப்பி காயப்போடும் களத்தைப் பெருக்கி முடித்ததும் பாப்பாத்தி விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்திவிட்டு முழங்காலிட்டுக்கொள்கிறாள். பிறகு சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்கிறாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. தட்டுப்படுகிற பொடிக்கல்லை எல்லாம் மடியில் போட்டுக்கொள்கிறாள். "பெருக்கினது போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாதுங்க, கைக்குத்தான் தெரியும். ஒத்தைக் காப்பிக்கொட்டை கெடந்தாலும் புள்ளையைக் கவுத்துப்போடும்" என்றாள், தலை நிமிராமலே.

கொல்லிமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பித் தோட்டம் இது. நான் இங்கே கணக்கெழுதுகிறவன். பாப்பாத்தி இங்கே பழம் பறிக்கிறவள். மலையூர்த் தொகுதிகளை நாடு என்பார்கள்; திருப்புலி நாட்டில் அவளுக்கும் புருஷனுக்கும் கொஞ்சம் சாமைக்காடும் மிளகுக்கொடியும் உண்டு. நெடிய உருவம், அவள் நடந்தால் கூட வருகிறவர்கள் ஓட வேண்டும். வாயில் எப்போதும் வெற்றிலை. சாதாரணப் பேச்சை மென்றுகொண்டே பேசுவாள். முக்கியமான பேச்சென்றால் துப்பிவிட்டு வந்து பேசுவாள்.

புள்ளை என்றது மகள் சென்னம்மாளை. வயது ஒன்பது. காப்பி காயாத மாதங்களில் துரையின் மகள் இந்தக் களத்தில் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு வழுக்கிச் சுழல்வாள். வேலியைப் பிடித்துக்கொண்டு சென்னம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள். படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேறியபோது, தனக்குச் சிறிதாகிப்போன ஜோடியை அந்தப் பெண் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். காலடியில் மாட்டும் இரும்புத் தகடு, அதன் கீழே நாலு சக்கரம். பாப்பாத்தி அதற்கு வைத்த பெயர் வண்டிச் செருப்பு.

சொல்லிக்கொடுக்க மலையில் ஆள் இல்லை. பாப்பாத்திக்கும் ஒன்றும் தெரியாது. வெறுங்காலில் தகடு நிற்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினாள். சேந்தமங்கலம் சந்தையில் செருப்புத் தைக்கிறவர் முன்னால் காலை நீட்டச் சொன்னாள்.

"மலைக்காட்டுப் புள்ளைக்கு எதுக்கம்மா பூட்ஸு?" என்றார் அவர்.

"காலுக்குத்தானுங்க" என்றாள் பாப்பாத்தி.

ஆனால் முதலில் விழுந்தவள் சென்னம்மாள் அல்ல. வண்டிச் செருப்பைத் தன் காலிலே கயிற்றால் கட்டிக்கொண்டு பாப்பாத்திதான் விழுந்து பார்த்தாள். முன்னால் விழுந்தாள், மல்லாக்க விழுந்தாள். பக்கவாட்டில் விழுந்தால் அடி குறைவு என்று கண்டுகொண்டாள். பிறகு காப்பிச் சாக்குகளைப் பரப்பி, அவற்றின்மேல் மகளை விழப் பழக்கினாள். "விழுகற பயம் போயிருச்சுன்னா நிக்கறது தன்னால வந்துருமுங்க" என்பது அவள் கட்சி. பயம் போகப் போகச் சாக்குகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டாள்.

ஓட்டம் கைவந்ததும், மகளை நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, மறுமுனையில் அடுப்புக்கரியைக் கட்டி, ஒன்றையொன்று தொடுகிற இரண்டு வட்டங்களைத் தரையில் வரைந்தாள். துரைமகள் அப்படித்தான் சுற்றுவாளாம். கோட்டை விட்டு விலகாமல், வட்டத்துக்கு ஒரு காலாக ஒற்றைக்காலில் போய்வர வேண்டும்.

சித்திரையில் ஒருநாள் சென்னம்மாள் குப்புற விழுந்து மோவாய் கிழிந்தது. அவள் அப்பன் கருப்பண்ணன் சாது. மகளின் ரத்தத்தைப் பார்த்ததும் வண்டிச் செருப்பைத் தூக்கிக்கொண்டு, மலையாறான ஐயாற்றில் எறிய நடந்தான். பாப்பாத்தி முந்திப் போய் ஒற்றையடிப் பாதையில் மறித்துக்கொண்டாள். வெற்றிலையைத் துப்பினாள்.

"காலு ஒடிஞ்சா ஆரு டோலி கட்டித் தூக்கிட்டு மலை எறங்கறது? நொண்டிப் புள்ளையை ஆரு கட்டுவாங்க?" என்றான் கருப்பண்ணன்.

"ஆத்துல போடறதுன்னாப் போடுங்க. மாரியம்மன் நோம்பியன்னைக்கு வந்து ஒருக்கா பாத்துப்போட்டுப் போடுங்க. அவ விழுந்தான்னா நானே கொண்டாந்து போடறேன்."

மாரியம்மன் நோம்பிக்குத் தேவனூர் நாட்டிலிருந்தும் திண்ணனூர் நாட்டிலிருந்தும் வந்த சனம் வேடிக்கை பார்க்கக் களத்தைச் சுற்றி நின்றது. நானும் நின்றேன். கருப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். மகளின் வண்டிச் செருப்பு வாரை இறுக்கிக் கட்டிய பாப்பாத்தி, "அப்பனைப் பாக்காதே கண்ணு. கோட்டைப் பாரு" என்று சொல்லி விலகினாள்.

சென்னம்மாள் கிளம்பினாள். முதல் வட்டம் நூல் பிடித்ததுபோல் வந்தது. வட்டங்கள் சேருமிடத்தில் கால் மாற்றும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முழங்காலை மடக்கித் தணிந்தாள், நிமிர்ந்தாள், அடுத்த வட்டத்துக்குள் புகுந்தாள். அதை முடித்த கையோடு, யாரும் சொல்லாமலே திரும்பிக்கொண்டு, முதுகு முன்செல்ல அதே கோட்டில் பின்னோக்கிப் போனாள்.

கருப்பண்ணனின் கட்டிய கை அவிழ்ந்தது. "பின்னாலயே போறா பாரு" என்றான், யாரிடமென்று இல்லாமல். பக்கத்தில் நின்ற தேவனூர்க்காரர், "ஆரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார்.

"எம்புள்ளைங்க" என்றான் கருப்பண்ணன். கேட்காத ஆளிடமும் திரும்பி இன்னொரு தடவை சொன்னான்.

சுற்று முடிந்தால் தாயின் கைகளில் வந்து மோதித்தான் சென்னம்மாளுக்கு நிற்கத் தெரியும். இப்போதும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வேகமாக வந்தாள். பாப்பாத்தி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். மகளின் முகத்தில் ஒரு கணம் திகைப்பு, உடனே சிரிப்பு. இடுப்பைச் சாய்த்து, தாயை உரசாமல் வளைத்துக்கொண்டு மறுபடியும் களத்தின் நடுவுக்குப் பறந்தாள். சனம் ஆரவாரம் செய்தது. பாப்பாத்தி கோத்த விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.