திட்டிவாசல் திறந்தவள்

அந்த நாவலாசிரியர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பெரிய எழுத்தாளர்தான், யார் இல்லை என்றார்கள்? ஊரே கொண்டாடிய சரித்திரக் கதை. எதிரிகள் ஓர் இளவரசியைக் கோட்டையில் சிறை வைக்கிறார்கள். அவளுடைய தோழி ஒருத்தி, காவல்காரன் இடுப்பிலிருந்து சாவியை உருவி, பெரிய கதவின் மூலையில் இருக்கும் திட்டிவாசலைத் திறந்துவிடுகிறாள். ஓர் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு அது. இளவரசி தப்பிக்கிறாள், குதிரை ஏறுகிறாள், காதலனைச் சேர்கிறாள், கடைசியில் பட்டமும் சூடிக்கொள்கிறாள். தோழி? கதவை உள்பக்கமாகச் சாத்தினாள் என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு அவளைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. மனுஷர் அவளை மறந்தே போய்விட்டார்!

இதை முதலில் கண்டுபிடித்தவள் என் அக்கா. அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தாள்.

அந்தக் கதையை யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். அது வீடு வீடாகச் சுற்றி எங்களிடம் வந்து, திரும்பிப் போக மனசில்லாமல் தங்கிவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த நான்தான் சத்தமாக வாசிப்பேன். தறிக்குழியில் அப்பா. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவது, அதாவது குறுக்கு நூல் வைத்த கட்டையைத் தள்ளிவிடுவது, அக்காவின் வேலை. அம்மா எதிரே ராட்டையில், நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல் உருளையான தாரைச் சுற்றிக்கொண்டிருப்பாள். கதையில் குதிரைகள் வந்தால் நைனாவின் கால் தானாக வேகம் பிடிக்கும். ஆனால் கேட்டால், "நான் எங்க கேட்டுக்கினு இருந்தேன்? எனக்கு வேலை இருக்குதும்மா" என்பார்.

எத்தனையோ தடவை வாசித்த கதையை மறுபடி வாசித்து முடித்த ஒரு மத்தியானம், அக்கா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஆமா, அந்தக் கதவைத் தொறந்த பொண்ணு இன்னா ஆனாடி?"

நான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அவள் எங்கேயும் இல்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம்! அவர் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

எழுதக் காகிதம் இல்லை. பரணில் பழைய அட்டைச் சரம் ஒன்று மடித்துக் கிடந்தது. தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற அட்டைகள் அவை. கரையில் மயில் வரவேண்டுமா, சக்கரம் வரவேண்டுமா என்று அட்டையில் குத்திய ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். கால் மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாக முன்னே வரும். அந்தச் சரத்தின் டிசைன் வழக்கொழிந்து வெகுநாளாகியிருந்தது. இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று, ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்துப் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். ஓர் அட்டைக்கு ஒரு வரி.

அந்தப் பரண் நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு லேசாகிவிடுகிறது. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாக வெயில் விழும். அட்டையைத் தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக என் பாவாடை மேல் சிந்தும். கீழே எங்கள் தறி, பக்கத்து வீட்டுத் தறி, தெரு முழுக்கத் தறி. அந்தச் சத்தத்தில் கண் செருகும். செருகிய கண்ணுக்குள் அவள் நடந்து வருவாள். ஓட்டை எங்கே வருகிறதோ அங்கே வரி வளைந்து போகும், வரி வளைந்த பக்கம் அவளும் போவாள். கோட்டையை விட்டுத் தப்பி, தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் நிலா வெளிச்சத்தில் நடந்தாள். தாமல் ஏரிக்கரையில் கொக்குகளோடு நின்றாள். ஆயிரங்கால் மண்டபத்தில் ஒளிந்துகொண்டு, தூணுக்குத் தூண் தன் நிழலையே துரத்தி விளையாடினாள். சரித்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான், அதற்குள்தான் அவளை நடக்கவிட முடிந்தது. கோயிலுக்குப் போனால் கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடுவேன். ஒருநாள் குளத்துப் படியில் ஈரக்காலடி ஒன்றைப் பார்த்து, அவளுடையதுதான் என்று மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

அன்றன்று எழுதியதை, தண்ணீர் எடுக்கப் போய் வருகிற வழியில் அக்காவுக்குச் சொல்வேன். அவளுக்கு வேறு கவலை.

"எந்நேரமும் நடக்க வெக்கிறியே, அவளுக்குப் பசிக்காதா? சோறு போடுடி."

அன்று மந்தாரை இலையில் கோயில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். "மொளகு தூக்கலா இருந்துதா?" என்று கேட்டு அக்கா அப்படிச் சிரித்தாள், குடத்துத் தண்ணீர் தளும்பி இரண்டு பேரும் நனைந்தோம்.

அந்தச் சிரிப்பு நின்றது ஆடி முடிந்ததும். அம்மாவின் தம்பி பக்கத்து ஊரான ஐயம்பேட்டையிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். நல்ல வீடு, சொந்தத் தறிகள். மாப்பிள்ளைக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவே இல்லையாம். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்து, காபி குடித்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றுவது என்று முடிவானது. அக்கா நாடா போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீருக்குப் போகும்போதும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

என் கதையும் தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. தோழி பிடிபட்டாள். கோட்டைத் தலைவன் அவளை யாரோ ஒருவனுக்குக் கட்டிவைக்கத் தீர்மானித்தான். கடைசியாக ஒரு கேள்வி எழுதினேன். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று அக்காவையே கேட்டேன். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரி ஓடவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தான் முதலாளி வீட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. யாரோ கல்யாணத்துக்குப் பழைய மயில் சக்கரக் கரையே வேண்டும் என்றார்களாம். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நைனா பரணிலிருந்து அந்தச் சரத்தை இறக்கித் தறியில் மாட்டிவிட்டார். வாசலில் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் கதை தறிக்குப் பக்கத்தில் மாலை மாதிரித் தொங்குகிறது!

பழைய அட்டை, கோத்த நூல் விட்டுவிடுமோ என்று நைனா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மிதித்தார். மிதித்தவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அட்டை குத்துனவன் ஏதோ குறிப்பு எழுதி வெச்சிக்கிறான் பாரு. 'கதவை உள்பக்கம் சாத்தினாள்.' கதவா? மயில் கரையில கதவு எங்க வருது?"

குனிந்து, நெய்த கரையை விரலால் தடவிக் கதவைத் தேடினார், பாவம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நைனா விடவில்லை. மிதித்தார், நாடா ஓடியது, அடுத்த அட்டை வந்தது. "'இளவரசியின் குதிரைச் சத்தம் தேய்ந்தது.'" காலை அப்படியே நிறுத்தினார். "அடியே! இது நம்ம கதையாச்சே!"

என்னைத் திரும்பிப் பார்த்தார். அறைதான் விழப்போகிறது என்று நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அவர் மறுபடி மிதித்தார்.

அந்தக் காலைப்பொழுது ஒரு சொப்பனம் போலவே எனக்கு நினைவிருக்கிறது. மிதி, நாடா, ஒரு வரி. மிதி, நாடா, ஒரு வரி. என் தோழி பாலாற்றைக் கடந்தாள், ஏரிக்கரையில் நின்றாள், இட்லி தின்றாள். நைனாவின் குரல் அவளைக் கைப்பிடித்து நடத்திப் போனது. மயிலின் கழுத்து பொன்னாக எழும்பி வந்தது. அம்மாவின் ராட்டைகூட நின்றிருந்தது. நான் வாசலில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"'அவளை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.'" நைனாவின் குரல் இறங்கியது. அக்கா நாடா போட்டாள். நைனா மிதித்தார். "'கோட்டைத் தலைவன் கேட்டான்: பெண்ணே, உனக்குச் சம்மதமா?'"

அடுத்த அட்டை வந்தது. அதில் ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன. இன்னும் ஒன்று. அதிலும் ஒன்றும் இல்லை.

"அப்புறம் இன்னாமா?" என்றார் என்னைப் பார்த்து.

"எழுதலை நைனா. அவ இன்னா சொன்னான்னு எனக்குத் தெரியலை."

அவர் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். எத்தனை வருஷமாக அவருடைய தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிற பெண். அவள் முகத்தை அன்றுதான் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. அவ இன்னா சொன்னா?"

அக்கா நாடாவை மடியில் வைத்தாள்.

"மாட்டேன்னு சொன்னா நைனா."

ராட்டைக்குப் பின்னாலிருந்து அம்மா பதறினாள். "இன்னாடி பேச்சு இது? எல்லாம் பேசி முடிச்சாச்சுடி!"

நைனா தறிக்குழியிலிருந்து கையூன்றி எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயம்பேட்டைக்குப் போயிட்டு வரேன். தாம்பூலம் வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பித்தானைப் போட்டுக்கொண்டே என்னைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

அக்கா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத்தினி நாளா வாயில இன்னா வெச்சிருந்தே? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க யாரும்மா கேட்டீங்க?" என்றாள் அக்கா.

அம்மா கையிலிருந்த தாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, நைனா எழுந்து போன இடத்தில், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.