கையா, புல்லா

என் ஓரகத்தியின் கையைப் பற்றி என் மாமியார் பேசாத நாளே இல்லை. ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் பெண்டாட்டி. எனக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள், வயதிலும் சின்னவள். வந்த மாசமே அவள் கை ராசியான கை என்று முகத்துவாரக்குப்பம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார் மாமியார். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நான் ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இறாலை நான் ஏலக்கூடையில்தான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த பிறகுதான், பெண்கள் ஆற்றில் இறங்கி வெறும் கையால் இறால் தடவுவதைப் பழகிக்கொண்டேன். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, குந்தினாற்போல நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவ வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் பேச முடியாது. எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

அவள் பறி நிறையும். என் பறியில் அடி மறைந்தால் பெரிய விஷயம். கரையேறியதும் மாமியார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

"சின்னவ கை ராசிக் கை. தொட்டாலே எறா ஒட்டிகினு வருது" என்பார்.

என் பறியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. திட்டினாலாவது தேவலை. ஒரே ஒரு தடவை, பொய்யாகவாவது, என் கையையும் அப்படிச் சொல்லக் கூடாதா என்று ஏங்கிக் கிடந்தேன்.

இவள் எங்கேதான் தடவுகிறாள் என்று ஒருநாள் பின்னாலேயே போனேன். அவள் ஒளிக்கவே இல்லை. அது இன்னும் எரிச்சல். கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வாக்கா, இந்தப் புல்லுக்குள்ள தடவு. எறா எல்லாம் இங்கதான் கீது" என்று கூப்பிட்டாள்.

ஆற்றின் அந்தத் திருப்பத்தில் தண்ணீருக்கடியில் புல் மண்டிக் கிடந்தது. பாசி இல்லை. நிஜப் புல். வேர்விட்டுச் சேற்றை இறுக்கிப் பிடித்திருக்கும், வழவழவென்று காலைச் சுற்றும். முள்ளுள்ள கெளுத்தி கிடக்கும் என்று மற்ற பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இவள் பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண், புல்லில் தடவியே வளர்ந்தவள்.

"முட்டை வெச்சது, குஞ்சு, எதுனாலும் வுட்டுடு அக்கா. புல்லை மட்டும் புடுங்கிடாத" என்றாள்.

அன்றைக்கு என் பறியும் பாதிக்கு மேல் நிறைந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார். "சின்னவ கூடப் போனியா? அதான்."

நைலான் வலை வந்த புதுசு அது. ஆண்கள் அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். திருப்பத்தில் இழுக்கும்போதெல்லாம் அதில் புல் சிக்கிக்கொண்டது. கட்டையில் இரும்புக் கொக்கி அடித்து, புல்லை வேரோடு வாரிவிடலாம் என்று கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். முதலில் குரல் கொடுத்தவர் என் புருஷன்தான். ஓரமாக நின்ற பெண்களில் சின்னவள் மட்டும் வாயைத் திறந்தாள்.

"புல்லு போச்சுன்னா எறாவும் பூடும்."

குப்பத்துத் தலைவர் சிரித்தார். "உனுக்கு இன்னாம்மா கவலை? உன் கை ராசிக் கை. வெறும் மணல்ல தடவுனாலும் கெடைக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமியாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சின்னவள் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. புல்லுக்காக இல்லை, சத்தியமாக. ஊரே உட்கார்ந்து அவள் கைக்குப் பட்டம் கட்டுகிறதே என்றுதான். புருஷன் முறைத்ததைப் பார்த்தும் முன்னால் போய்க் கத்தினேன்.

"அவ கையில ஒண்ணும் கெடையாது. எல்லாம் புல்லு! அவ மணல்ல தடவட்டும், நானு புல்லுல தடவறேன். நீங்களே பாத்துக்கங்க."

மறுநாள் தண்ணீர் வற்றியதும் குப்பமே கரையில் நின்றது. அவள் மணலில் இறங்கினாள், நான் புல்லில். கெளுத்தி பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கரையேறியபோது என் பறி வழிந்தது. அவள் பறியில் நாலைந்து துள்ளின. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாளோ என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அது போதாதென்று, அறுந்து மிதந்த புல்லைத் தண்ணீரோடு அள்ளித் தலைவர் கையில் ஊற்றினேன். நண்டுக் குஞ்சு, மடவைக் குஞ்சு, இலையில் ஒட்டிய முட்டை, விரல் நகமளவு கொடுவா மீன் குஞ்சு. கடலில் வலை போடுகிற மனுஷன் அவர். கொடுவாவை உற்றுப் பார்த்தார்.

"நாம கடல்ல புடிக்கிறது இங்கதான் வளர்ந்துகினு கீதா?" என்றார்.

எல்லாவற்றையும் மெதுவாகத் தண்ணீரில் விட்டார். புல்லில் யாரும் கை வைக்கக் கூடாது, திருப்பத்துக்கு முன்னாலேயே வலையைத் தூக்கிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. சின்னவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் திருப்பிச் சிரிக்கவில்லை. ஈரப் புடவையோடு, வழிகிற பறியைக் கொண்டுபோய் மாமியார் காலடியில் வைத்துவிட்டு நின்றேன். இப்போதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

மாமியார் பறியைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய், சின்னவளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இவ கை பட்ட எடத்துல தடவுனதுக்கே பெரியவளுக்கு இம்மாம் எறா வந்துகீதே!"