எங்கள் தெரு வரதராஜன்கள்

இஸ்திரி போடுவது சுலபம். போட்ட துணியை உரியவரிடம் சேர்ப்பதில்தான் உயிர் போகிறது. அதுவும் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு பெருமாள் பேர். என் வாடிக்கையில் மட்டும் நான்கு வரதராஜன்கள், நான்கு பேருமே ஊரறிந்த பெரிய மனிதர்கள். வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

முடிச்சு

குழம்பாமல் இருக்கக் காலரில் நூல் முடிச்சு போட்டேன். கவுன்சிலருக்கு ஒன்று, நாதஸ்வர வித்வானுக்கு இரண்டு, ரிட்டயர்டு தலைமையாசிரியருக்கு மூன்று. நாலாமவருக்கு நாலு. வாத்தியார் எண்ணிப் பார்த்துவிட்டு நேரே என் இஸ்திரி வண்டிக்கே வந்துவிட்டார்.

"அந்தக் கவுன்சிலர் வரதன் என்கிட்ட ஏழாவது பெயிலும்மா! அவனுக்கு ஒண்ணு, எனக்கு மூணா?"

முகூர்த்த நேரம்

முடிச்சுகளைப் பிரித்தேன். மறுவாரமே ஒல்லி வாத்தியாரின் ஜிப்பா வித்வான் வீட்டுக்குப் போய்விட்டது. அவரும் அதையே எப்படியோ மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்.

"கெட்டிமேளத்துக்கு மூச்சை இழுத்தேன், ரெண்டு பொத்தான் தெறிச்சிப் போயி மாப்பிள்ளை மடியில விழுந்துச்சு. அவரு அட்சதைன்னு நெனச்சிக்கினாரு."

கரை

நாலாவது வரதராஜன் எதிர்க்கட்சி நகரச் செயலாளர். அவர் வேட்டிக்கு ஒரு கரை, கவுன்சிலர் வேட்டிக்கு வேறு கரை. என் வண்டி நிற்பதோ கவுன்சிலர் வீட்டு மதில் நிழலில். 'எடு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போக்கிடம் இல்லை.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவுக்கு, கவுன்சிலர் போனில் பேசிக்கொண்டே நான் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். கார் தெரு திரும்பிய பிறகுதான் பார்க்கிறேன், அவர் கட்சி வேட்டி என் வண்டியிலேயே கிடக்கிறது! அவர் இடுப்பில் போவது எதிர்க்கட்சிக் கரை. மதியம்வரை பெட்டியில் கரி போடக்கூடக் கை வரவில்லை. கார் வந்து நின்றதும், அவர் சொல்வதற்கு முன்பே துணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்குமா மூட்ட கட்ற? நான் கட்சி மாறிட்டேன்னு அவங்க ஆளு சால்வையே போட்டுட்டான். ஒரு வருஷமா என் போனை எடுக்காத எங்க மாவட்டச் செயலாளரு, காலையிலேர்ந்து நாலு தபா கூப்ட்டு, 'தம்பி, எங்கயும் போயிடாதப்பா'ன்னு கெஞ்சிக்கினு இருக்காரு. வண்டி இங்கயே நிக்கட்டும். மாசத்துக்கு ஒரு தபா இப்டி மாத்திக் குடு."

இப்போது என் கவலையெல்லாம், அடுத்த மாதம் ஞாபகப் பிசகாகச் சரியான வேட்டியையே கொடுத்துவிடக் கூடாதே என்பதுதான்.